யுத்த வானிலிருந்து நோயாளியின் கட்டிலருகே



திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தில் நீங்கள் ஒரு படைவீரரைச் சந்திப்பீர்கள். செசரியா நகரில் இருந்த உரோமைப் படையின் நூற்றுவர் தலைவரான கொர்னேலியு அவர். அவருடைய போர்த்திறமையைப் பற்றியோ வென்ற களங்களைப் பற்றியோ திருவிவிலியம் எதுவும் சொல்லவில்லை. அது நமக்குக் காட்டுவது அவருடைய வீட்டையும் கைகளையும் முழங்கால்களையுமே. அவருடைய இறைபக்தியில் வீட்டார் அனைவருக்கும் பங்கு இருந்தது. வறியோருக்கு அவருடைய கை திறந்திருந்தது. செபம் அவருடைய நாளாந்த வழக்கமாக இருந்தது. யூதரல்லாத மக்களுக்கு நற்செய்தியின் கதவு திறந்தது இந்தப் படைவீரரின் வீட்டு வாசலிலேதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆயினும், 'படைவீரர்' என்னும் சொல் நம்மிற் பலருடைய செவிகளில் இனிமையாக ஒலிப்பதில்லை. மூன்று தசாப்த காலம் யுத்தத்தைக் கண்ட மண் இது. வானூர்தியின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய தாய்மார் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆகவே, குண்டுவீச்சு விமானம் செலுத்திய ஒருவரின் வாழ்க்கையை இந்தப் பக்கத்தில் நினைவுகூர்வது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். அந்த நெருடலை ஒதுக்கிவிடாமல் உடன் வைத்துக்கொண்டே இதனை வாசியுங்கள். ஏனெனில், இன்று நாம் சிந்திக்கப்போகும் மனிதரும் அத்தகைய ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வாழ்ந்தார். யுத்தத்திலிருந்து உயிரோடு மீண்டவன் எஞ்சிய வாழ்நாளை யாருக்குக் கொடுப்பது என்பதே அந்தக் கேள்வி.

அவருடைய பெயர் லெனார்ட் செஷயர். 1917ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி இங்கிலாந்தின் செஸ்ரர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற சட்ட அறிஞர். மகனும் அங்கேயே சட்டம் பயின்றார். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழக விமானப் பயிற்சி அணியிற் சேர்ந்தவர், இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது பிரித்தானிய விமானப்படையில் குண்டுவீச்சு விமானியானார். தம்பியாரும் அதே பணியில் இருந்து, 1941இல் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார்.

நூறு தடவைகள் பறந்தவர்

அந்நாட்களில் குண்டுவீச்சு விமானத்தில் ஏறியவர்கள் மீண்டும் தரையைக் காண்பது நிச்சயமற்றது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் மட்டும் 55,000க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் அந்த யுத்தத்தில் மாண்டனர். செஷயரோ ஏறத்தாழ நூறு தடவைகள் எதிரியின் வானில் பறந்து திரும்பினார். 1943இல், தமது 25ஆவது வயதில், அவருக்கு உயர்ந்த பதவி கிடைத்தது. பாதுகாப்பான தரைப்பணியும் கிடைத்தது. ஆனால் தோழர்கள் பறந்துகொண்டிருக்கையில் மேசையின் முன் அமர்ந்திருக்க அவருடைய மனம் ஒப்பவில்லை. பதவியில் ஒருபடி இறக்கம் பெறுவதற்குத் தாமே இசைந்து, 617ஆவது விமான அணியின் தலைவராக மீண்டும் விமானத்தில் ஏறினார்.

1944ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி இரவு நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிரான்சின் லிமோஜ் நகரில் இருந்த விமான இயந்திரத் தொழிற்சாலை ஜேர்மனியருக்காக இயங்கிக்கொண்டிருந்தது. அதனை அழிக்க வேண்டும் என்பது கட்டளை. உள்ளே இரவு வேலையில் இருந்தவர்களோ பிரெஞ்சுத் தொழிலாளர்கள். அவர்களிற் பலர் பெண்கள். செஷயர் உடனே குண்டு வீசவில்லை. கூரையைத் தொட்டுவிடுமளவு தாழ்வாக மூன்று தடவைகள் தொழிற்சாலைக்கு மேலாகப் பறந்தார். தரையிலிருந்து சுடப்படக்கூடிய நிலையில், உள்ளிருப்போர் வெளியேறட்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தார். அவர்கள் வெளியே ஓடிய பின்னரே இலக்குக் காட்டும் தீப்பந்தங்களை வீசினார்; பின்தொடர்ந்த விமானங்கள் தொழிற்சாலையைத் தகர்த்தன.

இதனை வாசித்து உடனே அவரைப் புனிதராக்கிவிடவும் வேண்டாம். மற்ற இரவுகளும் இருந்தன. ஜேர்மனியின் நகரங்கள் மீது அந்தப் படைப்பிரிவு வீசிய குண்டுகளாற் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையில் மாண்டனர். லிமோஜின் மூன்று எச்சரிக்கைகள் அந்த இரவுகளைத் துடைத்துவிடா. அவை நமக்குச் சொல்வது ஒன்றே. கொலைக்கருவியைக் கையிற் பிடித்திருக்கும் வேளையிலும் கீழே இருப்பவனை மனிதனாகக் காணும் கண்ணை ஒருவன் இழக்காமல் இருக்கலாம். யோர்தான் நதியருகே தம்மிடம் வந்து வழி கேட்ட படைவீரர்களைத் திருமுழுக்கு யோவான் விரட்டிவிடவில்லை. ஆயுதம் ஏந்தியவனுக்கும் ஓர் எல்லை உண்டு என்றே கற்பித்தார் (லூக்கா 3:14). அந்த எல்லையை அன்றிரவு ஓர் இளம் விமானி நினைவிற் கொண்டார்.

1944 செப்டெம்பரில் அவருக்கு விக்ரோறியாச் சிலுவை எனும் அதியுயர் வீரவிருது அறிவிக்கப்பட்டது. ஒரு தனிச் செயலுக்காக அன்றி, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து காட்டிய துணிவுக்காக அது வழங்கப்பட்டது. அரண்மனையில் விருது பெற்ற அதே நாளில் நோர்மன் ஜக்சன் என்னும் கீழ்நிலை வீரரும் அதே விருதைப் பெறவிருந்தார். தம்மைவிட அதிக ஆபத்தை ஏற்றவர் ஜக்சனே என்றும், அவருக்கே முதலில் வழங்க வேண்டும் என்றும் செஷயர் மன்னரிடம் கேட்டுக்கொண்டார். அரண்மனை ஒழுங்கு அதற்கு இடமளிக்கவில்லை. ஆயினும் அந்த வேண்டுகோளை ஜக்சன் வாழ்நாள் முழுவதும் நினைவிற் கொண்டிருந்தார்.

வெற்றிக்குப் பின் வெறுமை

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி நாகசாகி நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, பிரித்தானியாவின் அதிகாரபூர்வப் பார்வையாளர் இருவருள் ஒருவராக வெகுதூரத்தில் பறந்த விமானத்திலிருந்து அந்த முகிலைக் கண்டார் செஷயர். அந்தக் காட்சியின் குற்றவுணர்வே அவரைத் தொண்டுக்குத் தள்ளியது என்று பலர் எழுதினர். அவரோ அதனை ஏற்கவில்லை. அந்தக் குண்டு யுத்தத்தை முடித்து மேலும் பல உயிர்களைக் காத்தது என்றே இறுதிவரை கருதினார். இதில் நீங்கள் அவரோடு உடன்படாதிருக்கலாம். உடன்படாத கிறிஸ்தவர்கள் உலகெங்கும் உள்ளனர். ஆனால் அங்கிருந்து அவர் ஒரு தீர்மானத்தோடு திரும்பினார். சமாதானம் என்பது யுத்தம் நின்றவுடன் தானாக வருவதன்று. யுத்தத்திற்குச் செலவிட்ட உழைப்பைச் சமாதானத்திற்கும் செலவிட வேண்டும் என்பதே அது.

அந்நாட்களில் அவர் பக்தியுள்ளவர் அல்லர். 1945இல் லண்டனில் ஒரு மதுச்சாலையில் நண்பர்கள் கடவுளைப் பற்றி வீண்பேச்சுப் பேசிக்கொண்டிருக்க, கடவுள் என்பது மனச்சாட்சிக்கு நாம் இட்ட பெயர்தான் என்று செஷயரும் அலட்சியமாகக் கூறினார். அங்கிருந்த பெண்ணொருவர் அவரைக் கடிந்துகொண்டார். கடவுள் ஓர் ஆள், நாம் பேசவும் அறியவும் கூடிய ஒருவர் என்றார். ஆலயத்தில் அன்றி மதுச்சாலையிற் கேட்ட அந்தச் சொல் அவருடைய உள்ளத்தில் தைத்தது. ஆண்டவர் தமது விதையை எந்த நிலத்தில், எவருடைய கையால் விதைப்பார் என்று நாம் சொல்ல முடியுமா?

1946இல் படையை விட்டு விலகியவர், முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஒன்றாகக் கூடி உழைத்து வாழும் குடியிருப்பு ஒன்றை ஆரம்பித்தார். யுத்தகாலத்துத் தோழமை சமாதான காலத்திலும் தொடரும் என நம்பினார். அது தொடரவில்லை. கடனும் பிணக்கும் பெருகின. ஹம்ப்ஷயர் மாவட்டத்தில் 'லீ கோர்ட்' என்னும் பெரிய பழைய மாளிகையும் கடன்சுமையுமே மிஞ்சின. நாடே போற்றிய வீரர், முப்பது வயதில், தோற்றுப்போன ஒரு திட்டத்தின் நடுவே தனித்து நின்றார்.

ஒரே ஒரு நோயாளி

1948ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அந்தக் குடியிருப்பில் முன்பு வாழ்ந்த ஆதர் டைக்ஸ் என்பவரைப் பற்றி வைத்தியசாலை ஒன்றிலிருந்து செஷயருக்குச் செய்தி வந்தது. அவருக்குப் புற்றுநோய், குணமாக்க வழியில்லை, கட்டிலையும் தொடர்ந்து கொடுக்க இயலாது. போக்கிடமோ கவனிக்க உறவினரோ இல்லை. செஷயர் பல இடங்களில் விசாரித்தார். ஏற்பார் எவருமில்லை. இறுதியில் தமது வெறுமையான மாளிகைக்கே அவரை அழைத்து வந்தார்.

செஷயருக்கு வைத்தியமும் தெரியாது, தாதிப்பயிற்சியும் கிடையாது. ஆயினும் அவரே சமைத்தார். அவரே படுக்கை விரிப்புகளைத் துவைத்தார். நோயாளியின் உடலைக் கழுவி, மலசலம் அகற்றினார். நூறு தடவைகள் மரணத்தின் ஊடாகப் பறந்த மனிதர், ஒரே ஒருவரின் மரணத்தின் அருகே நாட்கணக்கில் அமர்ந்திருக்கக் கற்றுக்கொண்டார். வானத்திலிருந்து பார்க்கையில் மரணம் தொலைவில் எழும் ஒரு தீச்சுடராக மட்டுமே தெரிந்திருந்தது. இங்கே அதற்கு ஒரு முகம் இருந்தது, நீர் கேட்கும் ஒரு குரல் இருந்தது.

டைக்ஸ் ஒரு கத்தோலிக்கர். நெடுங்காலம் திருச்சபையை விட்டு விலகியிருந்தவர். மரணப்படுக்கையில் தமது பழைய விசுவாசத்திற்குத் திரும்பி, ஓகஸ்ட் மாதத்தில் சமாதானத்தோடு கண்மூடினார். அந்தச் சமாதானம் எங்கிருந்து வந்தது என்று செஷயர் தேடத் தொடங்கினார். அவர் இறந்த வேளையில் அவ்வீட்டிற் கைக்கு அகப்பட்ட, வேர்ணன் ஜோன்சன் என்ற குரு எழுதிய நூல் அவருடைய தேடலுக்கு வழிகாட்டியது. அவ்வாண்டு நத்தார் தினத்திற்கு முந்திய நாளில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒழுங்குமுறையை. முதலில் விசுவாசம், பின்னர் தொண்டு என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். செஷயரின் வாழ்வில் தொண்டே முதலில் வந்தது. தொண்டின் வழியாகவே விசுவாசம் வந்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், சின்னஞ்சிறியோருக்கு உதவியவர்கள் தாம் ஆண்டவருக்கே உதவியதை இறுதித் தீர்ப்பின் போதுதான் அறிந்து வியப்படைகின்றனர். டைக்ஸின் கட்டிலருகே அந்த வியப்பு இந்த மனிதருக்கு இவ்வுலகிலேயே கிடைத்தது.

டைக்ஸ் உயிரோடிருந்தபோதே, தொண்ணூறு வயதைக் கடந்த படுக்கையாளியான மூதாட்டி ஒருவருக்கும் இடம் கேட்டு வந்தார்கள். பின்னர் ஒருவர் பின் ஒருவராகப் பலர் வந்தனர். செஷயர் எவரையும் தேடிப் போகவில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பவுமில்லை. பணம் இருந்து பணி தொடங்கவில்லை. பணி தொடங்கியதும் அயலவர் உணவும் துணியும் உழைப்பும் கொண்டு வந்தனர். 1951இல் கோர்ண்வோல் பகுதியில், கைவிடப்பட்ட விமானத்தளக் கட்டடம் ஒன்றைத் திருத்தி இரண்டாவது இல்லத்தை அமைத்தார். யுத்தத்தின் கட்டடம் நோயாளரின் வீடாயிற்று.

1952இல் அவரையே காசநோய் பற்றிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையிற் கிடந்தார். பல சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டார். பணி நின்றுவிடும் என்று நினைத்தோர் ஏமாந்தனர். கட்டிலிற் கிடந்தவாறே கடிதம் எழுதினார், செபித்தார். வெளியே வந்தபோது அவருடைய இல்லங்கள் கூடியிருந்தனவே அன்றிக் குறையவில்லை. 'நான் இல்லாவிட்டால் இந்தப் பங்கில் எதுவும் நடவாது' என்று எண்ணும் நம்மவருக்கு இது நல்ல பாடம்.

வீடும் குடும்பமும்

யுத்தகாலத்தில் அவசரமாக நடந்த அவருடைய முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, பம்பாய் நகரில், சூ ரைடர் என்னும் பெண்மணியை மணந்தார். அவரும் யுத்தத்திற் பணிபுரிந்தவர். யுத்தத்தின் பின் ஐரோப்பாவில் வீடிழந்தோருக்கும் நோயுற்றோருக்கும், சிறைகளில் மறக்கப்பட்ட போலந்து இளைஞருக்கும் தம்மை அர்ப்பணித்தவர். அதே ஆண்டில் இருவரும் இந்தியாவின் டேராடூனில் 'ரபாயேல்' எனும் நிலையத்தைத் தொடங்கினர். தொழுநோயாளருக்கும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் அது அடைக்கலமாயிற்று.

ஒரு மகனும் ஒரு மகளுமாக இரு பிள்ளைகளை ஆண்டவர் அவர்களுக்கு அளித்தார். அவர்கள் குடியிருந்தது மாளிகையில் அன்று. சஃபோக் மாவட்டத்தின் கவென்டிஷ் கிராமத்தில், சூ ரைடர் அமைத்த நோயாளர் இல்லத்திலேயே சில சிறிய அறைகள் இந்தக் குடும்பத்தின் வீடாக இருந்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தது நோயுற்றோரை அயலவராகக் கொண்டு. பெற்றோர் இருவரும் அடிக்கடி தூரப் பயணம் செய்தனர். அதற்கான விலையைக் குடும்பமும் கொடுத்தது. கொர்னேலியுவைப் போன்று இவரும் தம் வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு இறைவனிடம் போகவில்லை. நோயாளரை ஓரிடத்தில் வைத்துக் குடும்பத்தை வேறோரிடத்தில் காத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கூரையாக இருந்தது.

இல்லங்களில் எல்லாம் இனிமையாக நடந்தன என்றும் நாம் எண்ண வேண்டியதில்லை. லீ கோர்ட்டில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகளிற் சிலர், தங்களுக்குப் பராமரிப்பு மட்டும் போதாது, தங்கள் வாழ்வைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையும் வேண்டும் எனக் குரல் எழுப்பினர். அங்கு வசித்த போல் ஹன்ட் என்பவர் 1960களிலும் 70களிலும் எழுதியவை, பிரித்தானியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்திற்கு அடித்தளமாயின. கொடுப்பவரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், பெறுபவருக்கும் ஒரு சொல் உண்டு. இரக்கம் நீதியாக வளர வேண்டும். நமது பங்குகளில் தருமம் வழங்கும் ஒவ்வொருவரும் மனதில் இருத்தவேண்டிய உண்மை இது.

இறுதி நாட்கள்

1981இல் பிரித்தானிய மகாராணியார் அவருக்கு மிக உயர்ந்த தகைமை விருதை வழங்கினார். 1991இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. அதற்குச் சற்றுப் பின்னர், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரைத் தாக்கியது. தமது இல்லங்களில் வாழ்ந்தவர்களைப் போலவே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். பிறரைக் கழுவித் துடைத்த கைகள், பிறருடைய கைகளை நாடின. 1992ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி, 74ஆவது வயதில், இறைவனடி சேர்ந்தார். அவ்வேளையில் ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் அவர் பெயரால் இல்லங்கள் இயங்கின. நமது இலங்கையிலும் செஷயர் இல்லங்கள் எழுந்தன.

அவ்வாண்டு நத்தார் உரையில் எலிசபெத் மகாராணியார் அவரை நினைவுகூர்ந்தார். மரணத்திற்குச் சற்று முன்னர் தம்மைக் காண வந்தபோது, செஷயர் தமது நோயைப் பற்றிப் பேசாமல், பிறருக்காகத் தாம் கொண்டிருந்த திட்டங்களைப் பற்றியே பேசியதாக அவர் கூறினார். தமக்கு அது மிகக் கடினமான ஆண்டாக இருந்தும், அந்தச் சந்திப்பு தமது கவலைகளைச் சரியான அளவிற் காண உதவியது என்றார்.

பிரியமான வாசகர்களே, நமது நாட்டில் யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. ஆனால் கால் இழந்தவருக்கும், முள்ளந்தண்டிற் காயமுற்றுப் படுத்தவருக்கும், கண்ணொளி அற்றவருக்கும் அது முடியவில்லை. அவர்கள் வடக்கிலும் உண்டு, கிழக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. சிலர் ஆயுதம் ஏந்தியவர்கள். மிகப் பலர் ஏந்தாதவர்கள். ஒருவருடைய படுக்கைப் புண் எந்த மொழி பேசுகிறது என்று நாம் கேட்க முடியுமா? அவர்களைத் தாங்கி நிற்பது அநேகமாக ஒரு வயோதிபத் தாய் அல்லது ஒரு களைத்த மனைவி. தாங்குபவருக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்பார் எவருமில்லை.

பெரிய இல்லம் கட்ட நம்மால் இயலாதிருக்கலாம். செஷயரும் இல்லம் கட்டப் புறப்படவில்லை. ஒருவருக்கு இடமில்லை என்று கேள்வியுற்றார், தம்மிடம் இடம் இருந்தது, கொடுத்தார். உங்கள் ஒழுங்கையில், உங்கள் பங்கில், ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரத்தில் அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். பொதி கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள், அமர்ந்து பேசுங்கள். அவருக்கு என்ன தேவை என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

யுத்தத்தில் எவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வரலாறு எழுதிக்கொண்டே இருக்கும். ஆனால் நோயுற்றவன் தனித்துக் கிடந்தபோது எவர் அவனருகே நின்றார் என்பதையே ஆண்டவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு பெயராவது, ஒரு முகமாவது விடையாக இருக்க அவர் நமக்கு அருள்புரிவாராக.